மூன்று நட்சத்திர வசந்தாமணி

“சாப்ட்டியா கண்ணு?” என்று கேட்காமல் வசந்தாமணி யாருக்கும் கேள்வி சொல்வதில்லை. இல்லை என்றால் பக்கத்து பேக்கரிக்குத் துரத்திவிடுவார். திரும்பி வந்த பிறகுதான் சிவப்புப் பேனாவின் மூடி திறக்கும். பாடநூல் நகலின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் அந்தக் கேள்வி தேர்வில் வரலாம். இரண்டு போட்டால் வரும். மூன்று போட்டால், வராவிட்டால் கடையை இழுத்து மூடிவிட்டுப் போகிறேன் என்று பொருள்.

திருச்செங்கோடு சாலையில், பொறியியல் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. அவர் படித்தது பத்தாவது, கணக்கில் முப்பத்தெட்டு. ஆனால் பதினான்கு வருடத்து வினாத்தாள்களைச் சணல் கயிற்றில் கட்டி அடுக்கி வைத்திருக்கிறார். நகல் எடுக்க வரும் எந்த வினாத்தாளிலும் தனக்கென்று ஒரு பிரதி எடுக்காமல் விடமாட்டார். பாடம் உப்பா புளிப்பா என்று அவருக்குத் தெரியாது. எந்தக் கேள்வி எப்போது வந்து போனது என்பது மட்டும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம்போல மனப்பாடம்.

“ஃபூரியர் கணக்கு இருக்குதே, அது வூட்டு மாப்பிள்ளையாட்டம். கூப்புடாமயே வருவாரு, பதிமூணு மார்க்குக்கு எலையப் போட்டு வெச்சிரு. லாப்லாஸ் ரெண்டு தடவையாத் தலையே காட்டல. ரோசக்காரரு, இந்தத் தடவ வந்தே தீருவாரு.”

புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணக்கு வாத்தியார் ஒருவர், ஆதார் அட்டையை நகல் எடுக்கிற சாக்கில் பையன்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். “ஏனுங் சார், பாடம் நடத்தறது நீங்க. எங்கிட்ட வந்து எட்டிப் பாக்கறீங்களே!” என்பார் வசந்தாமணி. வாத்தியாருக்குக் காது சிவந்துவிடும். ஆனாலும் மறுநாள் ரேஷன் அட்டையோடு வருவார்.

இத்தனை பேச்சிலும், எந்தக் கேள்வியைப் பற்றியும் ‘வராது’ என்று மட்டும் அவர் சொல்வதில்லை. முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். நிறுத்தியது பூபதிக்குப் பிறகு.

மூன்று வருடத்துக்கு முன்னால், கணக்கு மூன்றாம் தாளுக்கு முந்தின வாரம், “அலைச் சமன்பாடு ஏப்ரல்லதான் வந்துட்டுப் போச்சு. நவம்பர்ல வராது, உட்டுத்தள்ளு” என்று கல்லூரிப் பையன் பூபதியிடம் சொல்லிவிட்டார். கணக்கு சரிதான். ஆனால் அந்த நவம்பரில் அடைமழை பெய்து தேர்வு தள்ளிப்போனது. தள்ளிப்போன நாளில் வேறு வினாத்தாள் வந்தது. அதில் அலைச் சமன்பாடு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான்கு மதிப்பெண்ணில் பூபதி தவறினான். கிடைத்திருந்த பெங்களூர் வேலையும் கைவிட்டுப் போனது. விசைத்தறிக்குப் போனவன், அதன் பிறகு நான்கு முறை எழுதியும் தேறவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த கெடு இந்த நவம்பரோடு முடிகிறது. இதிலும் போனால் நான்கு வருடப் படிப்புக்குப் பட்டமே கிடையாது.

போன வாரம் தலைமுடியெல்லாம் பஞ்சோடு வந்து நின்றான். “அக்கா, இதுதான் கடைசி. நீங்களே போட்டுக் குடுங்க.”

“என்னைய நம்பி ஒருக்கா கெட்டது போதாதா சாமி? முழுசாப் படிச்சுப்போடு.”

“அஞ்சே நாள்தானுங்க்கா இருக்குது. பன்னண்டு மணி நேரம் தறியில நிக்கறேன். முழுசாப் படிக்கற தலையா இருந்தா, இங்க எதுக்குங்க்கா வர்றேன்?”

அன்று பட்டப்பகலில் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பதினான்கு வருடத் தாள்களையும் தரையில் பரப்பினார் வசந்தாமணி. வெளியே பையன்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து கேள்விகளுக்கு மும்மூன்று நட்சத்திரம் போட்டார். ஐந்தாவது, அலைச் சமன்பாடு. அதற்குப் போடுமுன் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தார். பயம்தான், வேறென்ன?

“வராட்டி என்னையத் திட்டிப்போடு கண்ணு.”

“அன்னிக்கே உங்களத் திட்டலியேக்கா.”

திட்டியிருந்தால் தேவலை என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். அடுத்த ஐந்து நாளும், வந்த பையன்களுக்கெல்லாம் அதே ஐந்தைப் போட்டுக் கொடுத்தபடி, வானத்தில் ஒரு கண்ணும் மிஷினில் ஒரு கண்ணுமாக இருந்தார். மழை வரவில்லை.

நேற்று தேர்வு. பன்னிரண்டு மணிக்கே நாலைந்து பேர் சாலையைத் தாண்டி ஓடிவந்தார்கள். “அக்கோவ், அஞ்சுல நாலு! கோயிலே கட்டலாம் உங்களுக்கு!” வழக்கமாக வினாத்தாளைப் பிடுங்காத குறையாக வாங்குகிறவர், அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எந்த நாலு என்றும் கேட்கவில்லை.

“பூபதி எங்கடா?”

“உள்ளதாங்க்கா, எழுதிட்டே இருக்கான். தலையவே தூக்கல.”

ஒரு மணிக்கு மணி அடித்தது. வாசலில் கூட்டம் வழிந்து, கலைந்து, வெறும் சாலையாயிற்று. எல்லோருக்கும் கடைசியாக வந்தான் பூபதி. வினாத்தாளை நீட்டினான். வலது கை மரத்துப்போய், விரல்கள் பேனாவைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன.

வசந்தாமணி தாளை வாங்கி, அலைச் சமன்பாடு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், மிஷின்மேல் கவிழ்த்து வைத்தார். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்துவிட்டார்.