பிரேக் மாமாவின் பிரார்த்தனை

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவரை, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் பிரேக் மாமா என்றுதான் சொல்வார்கள். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே ஒரு பூனை கொட்டாவி விட்டால்கூட மாமா அதை மிதித்துவிடுவார். கால் மிதிக்கும்போதே வாயும் திறந்துகொள்ளும். சைக்கிள்காரர், மூட்டை தூக்குகிறவர், குறுக்கே போகிறவர் யாராக இருந்தாலும், கண்ணாடியை இறக்கி, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று ஒரு சத்தம். லாரி ஓட்டிய காலத்தில் வளர்த்த தொண்டை அது.

மற்றபடி தங்கமான மனிதர். கிளட்சை விட்டுவிட்டு வண்டியைக் குதிக்க வைப்பவர்களிடம்கூட முகம் சுளிக்கமாட்டார். சாலையோரத்து ஆட்கள்தான் அவர் கணக்கில் ஆட்களே இல்லை. கம்பம், பள்ளம், கல் என்பதுபோல அவர்களும் ஒதுங்கிப் போக வேண்டிய ஏதோ ஒன்று.

அந்தச் சமயத்தில் ஒரு புது மாமியார் வந்து சேர்ந்திருந்தார். "மருமக ஜம்முனு ஓட்டறா. நான் பக்கத்துல மூட்டை மாதிரி உக்காந்திருக்கேன். நல்லாவா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஆசை ஆகாயத்தில் இருந்தது. கால் மட்டும் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே தடுமாறும்.

ஒரு காலை, மார்க்கெட் முனையில் திரும்பும்போது, ஓரமாக நின்ற குப்பைத் தள்ளுவண்டி மேல் அந்த அம்மா காரை விட்டுவிட்டார். பூனைக்கெல்லாம் பிரேக் போடுகிற மாமா அந்த நேரம் பார்த்துத் தும்மிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி சாய்ந்தது. பெருக்கிச் சேர்த்ததெல்லாம் மறுபடி தெருவுக்கே போயிற்று.

மாமா இறங்கினார். பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "நடுரோட்டுல வண்டிய விட்டுட்டு என்ன வேடிக்கை?"

வண்டி ஓரத்தில்தான் நின்றது. அது மாமாவுக்கும் தெரியும், அந்தத் தெருவுக்கும் தெரியும். அந்தப் பெண் வண்டியை நிமிர்த்திவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

மாமாவின் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவார். கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்துவிட்டு, அன்று பார்த்தவர்களில் யாராவது ஒருவருக்காக வேண்டிக்கொள்வார். மாமாவும் கூட உட்காருவார். பெரும்பாலும் குறட்டையில் போய் முடியும்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. சரி, காலையில் தான் திட்டிய, குப்பை பெருக்கும் பெண்ணுக்காக வேண்டிக்கொள்வோம் என்று கண்ணை இறுக்கிக்கொண்டார். ஆரஞ்சுச் சட்டை வந்தது. நீளத் துடைப்பம் வந்தது. தன் பம்பரில் விழுந்த கீறல்கூட வளைவு மாறாமல் வந்தது. முகம் மட்டும் வரவில்லை. கழுத்துக்கு மேலே வெறும் இடம்.

"ஏன் இப்படி நெளியறீங்க?" என்றார் மனைவி.

மாமா நடந்ததைச் சொன்னார்.

"யாரைப் பாத்துத் திட்டினீங்க அப்ப?"

"அதான் தெரியலயே."

"அப்ப நேர்ல போய் ஒழுங்கா பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் வேண்டிக்கலாம்."

மறுநாள் காலை மாமாவுக்கு வகுப்பும் இல்லை. இனி காரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று புது மாமியார் போனில் சொல்லிவிட்டார். மாமா நேரே மார்க்கெட் முனைக்குப் போனார்.

போனால் அங்கே மரத்தடியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை. டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தொண்டையைச் செருமினார்.

"நேத்து என் கார் இடிச்சுதே, அந்தக் குப்பை வண்டி யாரோடது?"

கீறலுக்குப் பணம் கேட்டு வந்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. "எங்க வண்டி இல்லயே!" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"காசு கேக்க வரலம்மா. மன்னிப்பு கேக்க வந்தேன்."

இது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு டீயை உறிஞ்சினார்கள். மாமாவுக்கு வேறு வழி தெரியவில்லை. வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, முகத்தைப் பார்த்து, "தப்பு என்மேலதான். மன்னிச்சுடுங்க" என்றார். முதல் ஆள் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இரண்டாவது ஆள், "என்னைப் போன மாசம் ஒரு வேன்காரன் திட்டினான். அதுக்கும் சேத்து மன்னிச்சாச்சு, போங்க" என்றதும் மரத்தடியே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே, ஓரமாக இருந்தவர் கேட்டார்: "கார் ஓட்டின அந்தம்மாவுக்குப் பயம் தெளிஞ்சுதா?"

மாமா திரும்பிப் பார்த்தார். கம்பி உடைந்து நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி, முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் நரைத்த புருவம். இத்தனையும் நேற்றும் அங்கேதானே இருந்திருக்கும் என்று நினைத்ததும் அவருக்குக் கூச்சத்தில் காது சுட்டது.

"நீங்கதானாம்மா அது?"

"நான்தான். அவங்க ஸ்டியரிங்க விடாம வெடவெடன்னு நடுங்கிட்டிருந்தாங்க. அதுல நீங்க போட்ட சத்தம்கூட எனக்குச் சரியா காதுல விழல."

"அவங்க இனிமே வரமாட்டேங்கறாங்க."

"போனைப் போடுங்க, நான் பேசறேன்." போனை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நீங்க இடிச்சது குப்பை வண்டிய. அதுல கெட்டுப்போக என்ன இருக்கு? தைரியமா வாங்க. வரும்போது மட்டும் ஒரு ஹாரன் அடிங்க, ஒதுங்கிக்கறோம்."

புது மாமியார் மறுநாளே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாமா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு விழுந்தால் சாலையில் யாராவது ஒருவரை நன்றாகப் பார்ப்பார். சாக்கடை மூடியைத் தூக்குகிறவர், செருப்பு தைக்கிறவர், வெயிலில் விளம்பரப் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறவர் என்று தினமும் யாராவது கிடைப்பார்கள். பச்சை விழும்வரை 'நல்லா இருக்கணும்' என்று மனதுக்குள் சொல்வார். "என்ன சார் முணுமுணுக்கறீங்க, என் டிரைவிங் அவ்வளவு மோசமா?" என்று பயந்த புது மாமியார், விஷயம் தெரிந்ததும் தானும் சேர்ந்துகொண்டார். முன்பெல்லாம் சிக்னலில் வண்டி அணைந்துபோய் அவசரத்தில் தடுமாறியவர், இப்போது அங்கே நிதானமாக மூச்சு விட்டார். லைசென்சும் வாங்கிவிட்டார். சத்தம் மட்டும் மாமாவை முழுசாக விட்டுப் போகவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நழுவும். நழுவியதும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். வாங்கிக்கட்டிக்கொண்டவர் குழம்பிப்போய் நிற்பார்.

சாயங்காலப் பிரார்த்தனையில்தான் இப்போது வேறு மாதிரித் தொல்லை. ஒருநாள் கண்ணை மூடியபடியே அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, மனைவி ஒரு கண்ணைத் திறந்தார்.

"பிரார்த்தனை நேரத்துல என்ன சிரிப்பு?"

"நான் என்ன பண்ண? ஒருத்தங்கள கூப்பிட்டா அஞ்சு பேரும் வந்துடறாங்க. வந்தா பேசாம இருக்காங்களா?"