என் பெயரில் ஒரு கத்தி

முதலில் வாங்கிய கத்தி நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, மழை சற்று விட்டிருந்த ஒரு பின்னேரத்தில் உடைந்தது. வெறுமனே உடைந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டு வந்திருப்பேன். அது என் சிநேகிதியின் கையைக் கிழித்துக்கொண்டு உடைந்தது.

அவளும் நானும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறோம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கடதாசி வேலை பார்க்கிற இடம். பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் சிங்களப் பிள்ளை, என்னைவிட வயதில் குறைந்தவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை நங்கி என்பேன், சிங்களத்தில் தங்கச்சி. இரண்டு மொழியிலும் அக்கா அக்காதான். பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறை சனி ஞாயிறோடு சேர்ந்து வந்தால், இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவோம். யாராவது ஒரு தோட்டக்காரரின் நிலத்தில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். எனக்கு நாற்பது தாண்டிய பிறகு வந்த பழக்கம் இது. அண்ணா இதை விசர் என்பார்.

மழை பெய்த மலையில் காய்ந்த விறகு கிடைக்காது. ஆனால் ஈர விறகின் நடுவில் காய்ந்த மரம் இருக்கும். கத்தியை விறகின் தலையில் வைத்து, அதன் முதுகில் ஒரு தடியால் தட்டினால் விறகு பிளக்கும். அதற்கு மடக்குக் கத்தி சரிவராது, மடங்குகிற மூட்டு விட்டுவிடும். அதனால்தான் மடங்காத கத்தி வாங்கினேன். வெள்ளவத்தையில், காலி வீதியில், கூடாரமும் டோர்ச்சும் விற்கிற ஒரு கடையில். பச்சை உறை, முதுகில் வாள் பல், பிடியின் முனையில் ஒரு திசைகாட்டி. திசைகாட்டியைத் திருகிக் கழற்றினால் பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டிலும் இருந்தன. பெட்டியில் ஒரு ஆள் காட்டில் மரம் வெட்டுகிற படம்.

நங்கி மூன்றாவது தட்டோ நாலாவது தட்டோ தட்டியபோது அலகு பிடியிலிருந்து கழன்று சுழன்றது. பிடி அவள் கையிலேயே இருந்தது. அலகு அவளுடைய பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். என் சால்வையைச் சுற்றிக் கட்டி, வழுக்குகிற பாதையால் அவளை இறக்கிக்கொண்டு போனோம். கீழே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல் இனிமேல் முழுதாக மடங்குமோ தெரியாது என்றார் டொக்டர்.

உடைந்த கத்தியை நான் கொண்டுவந்திருந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த அலகுக்கு வால் என்று ஒன்று கிடையாது. ஒரு நகமளவு இரும்பு பிடிக்குள் போய், ஒரேயொரு ஆணியில் நின்றிருக்கிறது. தீக்குச்சிக்கு இடம் வேண்டும் என்பதற்காக இரும்பை வெட்டியிருக்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோனேன். விற்றவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"மேடம், இது கிஃப்ட் ஐட்டம். ஆரும் இத வச்சு விறகு பிளப்பாங்களா?"

பெட்டியில் இருந்த படத்தைக் காட்டினேன். படம் கம்பெனிக்காரன் போட்டது என்றான். ஒரு பெண்ணின் கை தைத்துக் கிடக்கிறது என்றேன். அதற்கு அவன், வீட்டில் சார் இருந்தால் ஒருக்கால் வரச் சொல்லுங்கள், அவருக்கு விளக்கமாகச் சொல்லி நல்லதாக ஒன்று காட்டலாம் என்றான். எனக்குக் கலியாணமாகவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே சார் அண்ணா, அவருக்குத் தேங்காய் உடைக்கவே பயம். உடைந்த கத்தியை அவனுடைய கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, இதையும் கிஃப்ட் பண்ணுங்கள் என்று சொல்லி வெளியே வந்தேன். சல்லி திரும்பி வரவில்லை. சல்லிக்காக நான் கோபப்படவில்லை.

அதன் பிறகு ஒரு நல்ல கத்தி வாங்கியே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது. விலை கூடியதெல்லாம் நல்லது என்ற எண்ணம் போய்விட்டது. வெளிநாட்டுக் கத்திகளின் விலையைக் கேட்டால் அதை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டத்தான் தோன்றும். எனக்கு வேண்டியது, அடித்தால் தாங்கி, தொலைந்தால் அழவைக்காத ஒன்று.

புறக்கோட்டையில் ஒரு கடையில் மரக்கறிக் கத்தியை எடுத்துக் காட்டினார்கள், பொம்பிளைக்கு இது போதும் என்று. இன்னொரு கடையில் ஒருவர் மேசைக்குக் கீழிருந்து இரண்டு பக்கமும் கூராக்கிய ஒன்றை எடுத்தார். அதன் முதுகில் தடியால் தட்ட முடியாது, ஏனென்றால் அதற்கு முதுகே இல்லை. மனிதரைத் தவிர வேறெதையும் குத்த அது உதவாது. அதை விற்க அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடைசியில் கொச்சிக்கடையில், துறைமுக வேலைக்காரருக்குக் கயிறும் கொக்கியும் கையுறையும் விற்கிற ஒரு கடையில்தான் கண்டேன். கறுத்த ரப்பர் பிடி போட்ட ஒரு சாதாரணக் கத்தி. அலகு என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். பல் இல்லை, திசைகாட்டி இல்லை. பிடியின் பின்பக்கத்தில் இரும்பு வெளியே தெரிந்தது. அலகின் இரும்பு பிடி முழுக்க ஓடி மறுமுனையில் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு ஆறியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். முதுகின் தடிப்பை நகத்தால் அளந்தேன். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, உறை அதை விடாமல் பிடிக்கிறதா என்று பார்த்தேன். கை நனைக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன், ஈரத்தில் வழுக்குமா என்று பார்க்க. போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலையைத் தூக்கி, கத்தி வாங்குகிறீர்களா, மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

அதிலேயே கறள் பிடிக்கிற இரும்பில் ஒன்றும், பிடிக்காததில் ஒன்றும் இருந்தன. கறள் பிடிக்கிறதுதான் கூர் நன்றாக எடுக்கும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். ஆனால் நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கு மிகக் கிட்ட. எங்கள் யன்னல் கம்பியே அப்பளம் மாதிரி உதிர்கிறது. கறள் பிடிக்காததையே எடுத்தேன். அடிக்கடி தீட்ட வேண்டிவரும், தீட்டலாம். பச்சை உறைக் கத்தியைவிட இது மலிவு.

கத்தியைக் கடைக்காரர் தாளில் சுற்றித் தந்தார். பில்லோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் எடுக்க நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் வீதித் தடை போட்டுப் பொலிஸ்காரர் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் பை பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த தேவாலயம் அங்கேதான். கொழும்பில் இருக்கிற எவரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். அவருடைய பையிலிருந்து ஒரு பெரிய தேங்காய்க் கத்தி வந்தது, என் கத்தியைவிட மூன்று மடங்கு. வீட்டுக்கு என்று சிங்களத்தில் சொன்னார். சரி போங்கள் என்றார்கள்.

அடுத்தது நான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் நாலு வார்த்தை பேசினால் தமிழ் ஆள் என்று தெரிந்துவிடும். பொலிஸ்காரர் தாளைப் பிரித்தார், கத்தியைப் பார்த்தார், அடையாள அட்டையைக் கேட்டார். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்குக் கத்தி என்றார். எனக்கு என்றேன். என்னத்துக்கு என்றார். மலைக்குப் போக என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல, அதுதான் இன்னும் எரிச்சல். பெண்கள் காட்டில் போய் விறகு வெட்டுகிறார்களா, மிஸ், உண்மையைச் சொல்லுங்கள் என்றார். பில்லைக் காட்டினேன். பில் வாங்கினதற்குத்தான் சாட்சி, எதற்கு வாங்கினதென்பதற்கு அல்ல என்றார். போன கிழமை எடுத்த கூடாரப் படங்களைப் போனில் காட்டினேன். பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போன ஆளின் கத்தி எதற்கு என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. கத்தியை வைத்துக்கொண்டு, நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

யாரையாவது. அந்தச் சொல்லை வெள்ளவத்தை வரும்வரைக்கும் பஸ்ஸில் மென்றுகொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அண்ணா பொலிஸ்காரர்மேல் கோபப்படவில்லை. என்மேல் கோபப்பட்டார்.

"உனக்கேன் உந்தக் கோதாரி? கத்திதானே, விட்டுத்துலை. அங்கை போய்க் கேக்கிற வேலை வச்சுக்கொள்ளாதை."

யுத்த காலத்தில் அண்ணா வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தபோது பொலிஸ்காரர் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அதே மாதிரி ஒரு அட்டை, அதே பிறந்த இடம். நாலாம் நாள் விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதேயில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. அவருடைய பயம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. களவெடுத்தவள் மாதிரி என்னை ஒளியச் சொல்கிறீர்களா என்று சத்தம் போட்டேன். அவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் நங்கி என்னோடு வந்தாள், கையில் கட்டோடு. ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் வேறொரு அதிகாரி, வயதானவர். நான் வாயைத் திறக்குமுன் நங்கி சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொல்லிவிட்டாள். கத்தி அவளுடையதாம். அவள்தான் என்னை அனுப்பி வாங்குவித்தாளாம். அவ்வளவுதான். அவர் அவளுடைய அட்டையைக்கூடக் கேட்கவில்லை. லாச்சியைத் திறந்து கத்தியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் நன்றி சொன்னாள். என்னையும் சொல்லு என்பதுபோலப் பார்த்தாள். நானும் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

வெளியே வந்ததும் அவள் கத்தியை என் பைக்குள் போட்டுவிட்டு, வாங்க அக்கா, ஒஃபிசுக்கு நேரமாச்சு என்றாள். அவள் முகத்தில் ஒரு சந்தோசம், எனக்குப் பெரிய உதவி செய்த சந்தோசம்.

"அக்காவுடையது என்று ஏன் சொல்லவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"கத்தி கிடைச்சிட்டுதுதானே அக்கா?"

"கிடைச்சது உனக்கு. எனக்கில்லை."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததில் அவள் பிழை ஒன்றும் இல்லை என்று இன்றைக்கு எழுதலாம். அன்றைக்கு அவளை அந்த நடைபாதையிலேயே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நான் திரும்பி உள்ளே போனேன். அக்கா, அக்கா என்று அவள் கூப்பிடுவது கேட்டது.

அதிகாரியின் மேசையில் கத்தியையும் பில்லையும் என் அட்டையையும் வைத்தேன். இது அவளுடையதல்ல, என்னுடையது, எனக்குத்தான் வாங்கினேன், என்னிடம் தாருங்கள் என்றேன். பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில்தானே தந்தது, பிறகென்ன என்றார். அவளிடம் தந்தீர்கள், என்னிடமிருந்து அல்லவா எடுத்தது என்றேன்.

அந்தக் கதிரையில் இருங்கள் என்றார். இருந்தேன். வருகிறவர், போகிறவர், தொலைந்த போன், தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்று எல்லாவற்றையும் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மத்தியானம் ஆகும்போது கூப்பிட்டார். அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொன்னார். தமிழில் வைத்தேன். கத்தியைத் தாளில் திரும்பச் சுற்றி என்னிடம் நீட்டினார். சொந்தக் கத்தியென்றால் கொண்டுபோக வேண்டியதுதானே, யார் வேண்டாமென்றது என்றார்.

யார் வேண்டாமென்றது. சண்டை பிடிக்க வந்த இடத்தில் சண்டைக்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டார்கள். இந்த முறை நன்றி சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் அங்கே செய்த வீரம்.

நங்கி எப்போதோ அலுவலகத்துக்குப் போய்விட்டாள். இரண்டு கிழமைக்கு மேல் எங்களுக்குள் வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை. நான் அவளை அவமானப்படுத்திவிட்டேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தாள். ஒரு வகையில் அது சரிதான். பிறகு ஒரு நாள், கட்டு அவிழ்த்த கையால் தேத்தண்ணிக் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டு, வாற போயாவுக்கு எங்கே போவது என்று கேட்டாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லவைக்க எனக்கு ஆசை இருந்தது. இன்னமும் இருக்கிறது. தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

அந்தப் பயணத்துக்கு நான் பை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணா வந்து வாசலில் நின்றார். கட்டிலில் கத்தி கிடந்தது. அவர் அதை அதுவரை கண்டதில்லை. எடுத்துப் பார்க்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

"ஸ்டேஷனிலை உன்னை இருக்கச் சொன்னவங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணா. கதிரை தந்தவங்கள்."

"எனக்குத் தரேல்லை."

இத்தனை வருடத்தில் அந்த நாலு நாளைப் பற்றி அவர் சொன்னது அது மட்டும்தான். பிறகு, மழைக்கோட்டு எடுத்து வைத்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பல்கனியில் காய்ந்துகொண்டிருந்த தன்னுடையதைக் கொண்டுவந்து மடித்து என் பைக்குள் வைத்தார்.