உழுது போட்ட குதிரைவாலி

வன்னியம்பட்டிக்குக் கிழக்கே, கிணற்றோடு சேர்ந்த கொஞ்சம் நிலம் காசிராஜனுடையது. பருவத்தை அவன் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வான். தண்ணீர் ஏறியிருந்தால் நல்ல வருஷம், இல்லையென்றால் இல்லை. அவன் மனைவி மாரீஸ்வரி களை எடுக்கிறவள். அவள் பார்த்தது மண்ணை.

"ஐப்பசி அடைமழைய இனி நம்ப ஏலாது," என்றாள் ஆவணியில். "பெஞ்சா ஒரே ராத்திரில கொட்டிட்டு ஓடிருது. தோண்டிப் பாருங்க, மேல ஈரம், ஒரு சாணுக்குக் கீழ வெறும் புழுதி. இந்தத் தடவ நெல்லு வேண்டாம். குதிரைவாலி போடுவோம். இருக்கிற ஈரத்துலயே வந்துரும்."

காசிராஜன் அரை மனதாகத் தலையாட்டினான். அவளே விதைத்தாள். மிஞ்சிய விதையைப் பக்கத்து நிலத்துப் பெத்தம்மாளுக்குக் கொடுத்தாள்.

பயிர் கணுக்கால் உயரம் வந்திருந்தபோது, டீக்கடையில் மச்சான் முறைக்காரன் பாண்டிதுரை எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்ன மாப்ள, கெணறு வச்சிக்கிட்டுக் குருவிக்கா வெவசாயம் பாக்க?"

கடையே சிரித்தது. காசிராஜனும் சிரித்து வைத்தான். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது. அந்த வாரமே ஓர் இரவு பேய்மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் கிணறு பாதிக்கு மேல் நிரம்பிக் கிடந்தது. மாரீஸ்வரி தம்பி மகள் சடங்குக்கென்று ராஜபாளையம் போயிருந்தாள். அவன் டிராக்டரைக் கூப்பிட்டு, குதிரைவாலியை ஒரு சால் விடாமல் உழுது போட்டு, நெல் நாற்றுக்கு ஏற்பாடு செய்தான்.

திரும்பி வந்தவள் வரப்பில் நின்று பார்த்தாள். சண்டை போடுவாள் என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான். அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஆட்டுக்காவது அறுத்துப் போட்டிருக்கலாம்ல."

ஐப்பசி வெயிலாகவே போனது. கார்த்திகையில் நாலு தூறல். நெல் கதிர்விடப் பொதி கட்டும் நேரத்தில் கிணறு வற்றி, மோட்டார் காற்றை இழுத்தது. வந்த கதிரெல்லாம் பதர். கடைசியில் அந்த நெல்லில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்தான்.

அப்படி மேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் பெத்தம்மாள் நிலத்தில் குதிரைவாலி அறுப்பு நடந்தது. குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி மாரீஸ்வரி. தான் கொடுத்த விதை விளைந்ததைக் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தாள். காசிராஜன் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒதுங்கினான். ஆனால் பாண்டிதுரையின் பைக் அங்கேயே வந்து நின்றது.

"தங்கச்சியா அங்க நிக்கிறது?"

"ஆமா. பெத்தம்மா தனியாக் கெடந்து சிரமப்படுதாளேன்னு, சும்மா ஒத்தாசைக்குப் போயிருக்கா."

மாரீஸ்வரி காதில் அது விழுந்துவிட்டது. நிமிர்ந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஒத்தாசைக்கு இல்லண்ணே. கூலிக்குத்தான் வந்திருக்கேன்."

மறுபடி குனிந்துகொண்டாள். பாண்டிதுரை இம்முறை சிரிக்கவில்லை, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் சிரித்திருந்தால் தேவலை என்று காசிராஜனுக்கு இருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் பாதையில் வீட்டுக்குப் போனான்.

அடுத்த ஆவணி பிறந்ததும், மனைவிக்குத் தெரியாமல் பெத்தம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"வெத கொஞ்சம் கெடைக்குமா மதினி?"

பெத்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா? அவ கூலிய வெதயால்ல வாங்கிட்டுப் போனா. 'அவிய கேட்டு வர வெக்கப்படுவாவ, நானே எடுத்து வச்சிருதேன்'னு சொன்னாளே."

அவன் வந்த வழியே திரும்பினான். வீட்டுக்கு வந்தபோது மாரீஸ்வரி விதையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உழவுக்கு நானே சொல்லிட்டேன்," என்றாள். "கெழக்குப் பக்கம் குதிரைவாலி. மேக்கால ஒங்க நெல்லுக்கு விட்டிருக்கேன்."

டீக்கடையில் வாங்கிய கேலிகூட இதைவிட லேசாக இருந்தது.

"நெல்லு வேண்டாம். முழுசும் நீயே போடு," என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.