பச்சைக்குப் பச்சை

எங்க ஊட்டுக்காரருக்கு நிட்டிங் மிஷின்தான் மூத்த சம்சாரம். நான் இளையவள். நல்லூரில் ஊட்டுக்குப் பின்னால் ஷெட்டில் பனியன் துணி பின்னிக்கொண்டு ஓடுகிறது அந்த ஒற்றை மிஷின். நூல் அறுந்தால் மிஷினைத் தானாக நிறுத்துவதற்கென்று ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருந்தது. அது புகைந்துபோனதிலிருந்து இவரே எதிரில் ஸ்டூல் போட்டுக் காவல். அசந்தால் துணி ஓட்டையாக இறங்கும், வாஸ்தவந்தான். அதற்காகப் பல்லடத்தில் எங்க அம்மா ஊட்டு விசேஷம் ஒன்றுக்கும் வராமலிருந்தால்? "மாப்பிள்ளைக்கு எங்க மேல ஏதாச்சும் வருத்தமா கண்ணு?" என்று அப்பா கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி புது ஊட்டில் பால் காய்ச்சுகிறாள். அதற்காவது இவரைக் கூட்டிப்போக வேண்டும்.

"போர்டை நானே செய்யறனுங்க" என்றேன்.

"செய்யுங்க இஞ்சினீயரம்மா. அப்படியே அந்த மிக்சியையும் பாத்துருங்க."

வீடியோ பார்த்துப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, சால்டரிங் வைத்து முடித்தேன். கையால் செய்த போர்டில் கேபிள் செருக இடம் கிடையாது. லேப்டாப்பில் எழுதிய புரோகிராமை அதற்குள் ஏற்ற, நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வேண்டும். அடாப்டரிலும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று இரண்டு முனை, போர்டிலும் அதே இரண்டு முனை. நான் பனியன் கம்பெனியில் ஷேடு பார்க்கிறவள், நிறத்துக்கு நிறம் ஒத்துப்போகிறதா என்று. உடம்புத் துணி பச்சையென்றால் காலரும் அதே பச்சை, நூலும் அதே பச்சை. கை சும்மா இருக்குமா? டிஎக்ஸுக்கு டிஎக்ஸ் பச்சை வயர், ஆர்எக்ஸுக்கு ஆர்எக்ஸ் மஞ்சள் வயர். பார்க்க அம்சமாக இருந்தது. லேப்டாப் மட்டும், போர்டிலிருந்து பதிலே இல்லை என்று ஒரே பாட்டுப் பாடியது.

சனிக்கிழமை மத்தியானமும் அதே பாட்டுத்தான். டீ குடிக்க வந்தவர், "இன்னும் பேசலீங்களா உங்க போர்டு?" என்றார். எனக்கு வந்ததே கோபம். நான் ஆரம்பிக்க, அவரும் ஆரம்பிக்க, கடைசியில் அவரே, "ஏம்மா, ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தா யாருதான் கேக்கறது?" என்றார்.

சட்டென்று போர்டைத் திரும்பிப் பார்த்தேன். டிஎக்ஸ் பேசுகிற முனை, ஆர்எக்ஸ் கேட்கிற முனை. வாயை வாயோடும் காதைக் காதோடும் கட்டி வைத்திருக்கிறேன்! போர்டுப் பக்கம் மட்டும் வயர்களை இடம் மாற்றிக் குறுக்கே செருகினேன். பச்சைக்கு மஞ்சள்; கண்ணே கூசியது. புரோகிராம் மளமளவென்று ஏறிவிட்டது.

மிஷினில் மாட்டியதும், ஓடுகிற நூலை அவரே கத்தரித்துப் பார்த்தார். மிஷின் நின்றது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு எந்தச் சட்டை போடட்டும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில், பந்தியில் எங்க அப்பா பக்கத்தில் இவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் போன் அடித்தது. பக்கத்து ஷெட்டுக்காரர், நாங்கள் ஓடவிட்டு வந்த மிஷின் நின்றுவிட்டது என்கிறார். இலையை மடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"நூலுதானுங்க அறுந்திருக்கும். நிக்கட்டுமுங்க, வந்து முடிபோட்டுக்கறேன்" என்று போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அப்பாவிடம் சொன்னார்: "மாமா, அந்த ரசத்தை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க."