மூன்றாவது படி

எலாடியோ கேசாதா, ஒப்துலியா சொலானோவுக்கு மூன்று லட்சம் கொலோன் கடன்பட்டிருந்தார். பழைய ரப்பர் படகு ஒன்றின் விலை அது. தவணை தவணையாக அடைத்து, கடைசியில் அறுபதாயிரம் பாக்கி நின்றது. சனிக்கிழமைக்குள் தராவிட்டால் படகு அவளுக்கு என்று பேச்சு. பாலத்தடியில் மளிகைக்கடை வைத்திருந்த அந்த அம்மாள் ஊர் கேட்கவே சொல்லியிருந்தாள்: "படகைக் கவுத்துப் போட்டு என் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கிக்குவேன்."

எலாடியோ படித்தது மூன்றாம் வகுப்பு. காபி பறித்தார், கரும்பு வெட்டினார், பிறகு பக்குவாரே ஆற்றில் துடுப்புப் பிடித்தார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள் நிறையப் பேர். சொந்தப் படகு என்று ஒன்றை ஆற்றில் இறக்கியவர் அவர் ஒருவர்தான். இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். உண்மைதானே, சொன்னால் என்ன?

அந்தச் சனிக்கிழமை தலைநகர் சான் ஹொசேயிலிருந்து ஆறு பேர் ஆற்றில் படகோட்டம் போக வந்திருந்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். கடனும் தீரும், கையிலும் கொஞ்சம் நிற்கும்.

பாலத்துக்குக் கீழே ஒரு பாறையில் எலாடியோ தன் கையால் மூன்று கோடு போட்டிருந்தார். தண்ணீர் வெள்ளைக் கோட்டில் நின்றால் படகு தரை தட்டும். மஞ்சளில் நின்றால் நல்ல ஓட்டம். சிவப்பை மூடிவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. மற்ற படகுக்காரர்களும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

கூடவே சின்னப் படகில் வந்து, விழுந்தவர்களைத் தூக்குகிற வில்பெர்த் பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "மஞ்சளுக்கு ஒரு சாண் கீழதான் இருக்கு அண்ணே. கிளம்பலாம்."

அப்போது ஒப்துலியா ஈரத்துணிக் கூடையோடு வந்தாள். "எலாடியோ, இன்னிக்கு எறங்காதே. துவைக்கிற துறையில மேலேர்ந்து மூணாவது படி முங்கிருச்சு."

"அக்கா, நீங்க துணியைப் பாருங்க. ஆத்தை நான் பாத்துக்கறேன். என் கோடு பொய் சொல்லாது."

"கோடு நீ போட்டது. படி கொத்தனார் கட்டினது."

"தெரியுது, தெரியுது. நான் எறங்கலைன்னா யாருக்கு லாபம்? உங்க கோழிக்குத்தானே?"

வில்பெர்த் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "மூணாவது படி" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அது அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. அத்தனை வருஷத்தில் சிவப்புக் கோடு மூழ்காமல் மூன்றாவது படி மூழ்கியதே இல்லை. துடுப்பை ஊன்றிக்கொண்டு கரையோடு இறங்கிப் போனார். கிட்டத்தில் பார்த்தால், மட்டமாகப் போட்ட கோடுகள் சாய்ந்து நின்றன. பாறையின் பாசி பிடித்த அடிப்பாகம் வெளியே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வந்த வெள்ளம் அதை உருட்டி இன்னொரு பாறைமேல் ஏற்றி வைத்திருந்தது. மேலே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது. தண்ணீர் இறங்கியிருக்கவில்லை, கல்தான் ஏறியிருந்தது.

"என்ன அண்ணே?"

"கல்லு நகந்துடுச்சுடா."

"நீங்க போட்ட கல்லா?"

"கல்லை நான் போடலை. கோடுதான் நான் போட்டேன்."

மேலே வந்து, இன்றைக்குப் படகு இல்லை என்றார். கண்ணாடி போட்ட ஒருவர், "வெயில் நல்லாத்தானே அடிக்குது?" என்றார்.

"இங்க அடிக்குது. மலைமேல என்ன அடிக்குதுன்னு இந்த ஆத்தைத்தான் கேக்கணும்."

மதியத்துக்கு முன்பே அது வந்தது. மலைமேல் பெய்த மழையில் திடீரென்று திரண்டு வரும் வெள்ளத்தை எங்கள் ஊரில் 'தண்ணீர்த் தலை' என்போம். வேரோடு ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு, பாலமே அதிர, செம்மண் நிறத்தில் போயிற்று. கண்ணாடிக்காரர் அதற்குப் பிறகு வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

எலாடியோ படகை இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் போட்டார். "எடுத்துக்குங்க அக்கா. இன்னிக்குப் பணம் வராது."

ஒப்துலியா படகைப் பார்த்தாள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்தாள். "கடைக்கதவைச் சாத்தினாத்தான் எனக்கு நாள் முடியும். இன்னிக்குச் சாத்தறதா இல்லை. இவங்க ஆறு பேரும் எங்க சாப்பிடுவாங்க, எங்க படுப்பாங்க?"

அவள் போட்ட சோறும் கறுப்பு அவரையும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அவளும் சும்மா போடவில்லை, காசு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எலாடியோ துறைக்குப் போய்ப் படிகளை எண்ணினார். தண்ணீர் ஐந்தாவதற்கு இறங்கியிருந்தது. தண்ணீரில் பச்சை இலை மிதந்து வரவில்லை, மண்வாடையும் இல்லை. ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு படகை இறக்கினார். சம்பந்தியம்மாக்கள் என்று நாங்கள் சொல்லும் இரண்டு பாறைகள் எதிரெதிரே நிற்கிற இடத்தில் ஆறு ஒடுங்கிப் பாயும்; நடுவில் போகிறவனுக்கு இரண்டு பக்கமும் அறை விழும். அவர் இடது பாறையை உரசுகிற மாதிரி விட்டு, "இப்போ போடு! நிறுத்தாதே, போடு!" என்று கத்தி, படகின் மூக்கைத் திருப்பினார். கண்ணாடிக்காரர் மட்டும் தண்ணீரில் விழுந்தார். வில்பெர்த் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். கண்ணாடி போனது, ஆள் போகவில்லை.

சாயங்காலம் எலாடியோ திரும்பி வந்தபோது கடை திறந்தேதான் கிடந்தது. அவர் முதலில் துறைக்குப் போய், படியோரச் சுவரில் மூன்று கோடு போட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட்.

"என் படியில யாரைக் கேட்டுக் கோடு போட்டே?"

"படி கொத்தனாருது அக்கா. கோடு என்னுது. கையை நீட்டுங்க."

அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நீட்டினாள். அவர் எச்சில் தொட்டு, ஆயிரம் ஆயிரமாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். அறுபதாவது நோட்டில் அவர் கட்டைவிரலின் சிவப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது.