தடைக்காலத்தில் கடலுக்குப் போனவன்

சீரியலில் அவனை மே மாதத்தில் மூழ்கடித்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கதாநாயகனுக்குத் தோழனாக வரும் மீனவன் அவன். காசிமேட்டில் எங்கள் வீட்டில் கதாநாயகனை யாரும் சீண்டுவதில்லை, இவனுக்காகத்தான் டிவியே. நடித்தவருக்கு வேறு வாய்ப்பு வந்திருக்கும்போல. ஒரு வெள்ளிக்கிழமை விசைப்படகில் ஏற்றி, புயலை வரவழைத்து, ஆளை முடித்துவிட்டார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிற என் அப்பா எழுந்து டிவியை அணைத்தார்.

"தடைக்காலத்துல எவன் கடலுக்கு போட்ட எடுத்துகினு போவான்? இன்னா கத எய்துறானுங்க."

மீன்கள் முட்டையிடும் அந்த மாதங்களில் மீன்பிடிக்க அரசாங்கத் தடை, விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பாவும் வீட்டில் அப்படித்தான் கிடப்பார். எங்கள் தெருவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். மறுநாள் எண்ணூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில், செல்போனிலேயே ஓர் அத்தியாயம் எழுதி ஒரு கதைத் தளத்தில் போட்டேன். அவன் சாகவில்லை. படகே கிளம்பாதபோது எப்படிச் சாவான்?

அடுத்தவர் பாத்திரத்தை எடுத்து எழுதினால் அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயராம். வாசகிகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "அக்கா, அடுத்த யூடி எப்போ?" என்று துபாயிலிருந்து ஒருத்தி அரிப்பாள். யூடி என்றால் அடுத்த அத்தியாயம். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, "தடைக்காலம்னா லாக்டவுனா?" என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டு விளக்கினேன். திருட்டுக் கதை என்று திட்டியவர்களும் உண்டு. போங்கய்யா. பெற்றவர்கள் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன பிள்ளையைத் தூக்கி வளர்த்தால் அது திருட்டா?

சாயங்காலம் சீரியல் ஓடும் நேரத்தில் அம்மாவுக்கு என் கதையை வாசித்துக் காட்டுவேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தடைக்காலம் முடிந்தது. கதையில் அவனும் கடலுக்குப் போயாக வேண்டும். நானோ கடலுக்குள் போனதே இல்லை, எங்கள் பக்கம் பெண்களைப் படகில் ஏற்றமாட்டார்கள். கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், "கரை மறஞ்சா இன்னாப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"தண்ணி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவனை உண்மையாகவே கடலில் சாக விட்டுவிடலாம். சிரித்துக்கொண்டே படித்த கதையை யார் நினைவில் வைக்கிறார்கள்? அழவைத்தால்தான் பேசுவார்கள். அந்த அத்தியாயத்தை எழுதியும் முடித்தேன். தளத்தில் போடவேண்டியதுதான் பாக்கி. சும்மா இருக்காமல் அம்மாவிடம் வாயை விட்டேன். அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பன் கடல்ல கீறப்போ அவன சாவடிப்பியா? அறிவு கீதாடி உனுக்கு?"

"கதைம்மா அது."

"இன்னாவோ ஒண்ணு. உங்கப்பன் வூட்டுக்கு வர்ற வரிக்கும் அவன் மேல கை வெச்சினா பாரு."

மூடநம்பிக்கை என்று பஸ் முழுக்க முனகிக்கொண்டே போனேன். ஆனால் கதையைப் போட விரல் வரவில்லை. பாதிக் கோபம் அம்மா மேல், மீதி என் மேல்.

படகு திரும்பவேண்டிய அன்று காலை, கம்பெனியில் இருந்தபோது செல்போன் விடாமல் அதிர்ந்தது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கண்ணுக்குப் படுகிற தூரத்துக்குப் படகு வந்ததும், அப்பா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியிருந்தார்.

"கரை மறஞ்சா இன்னா தெரியும்னு கேட்டியே. மொதல்ல வூடுங்க மறையும். அப்பால கோயிலு, சர்ச்சு. கடசியா எண்ணூர் பொகைக் கொழா. அதுவும் பூட்ச்சின்னா அந்தப் பக்கமே பாத்துகினு நிப்பேன். எம்மாம் வருசம் போனாலும் நிப்பேன். அத்த எய்து."

கடைசியில் இன்னொன்று.

"போட்ல எல்லாருக்கும் உன் கதைய சொல்லிகினு வந்தேன். நீ எய்துனது தீந்து பூட்ச்சி. இவனுங்க உட மாட்டேன்றானுங்க. மீதிய நானே இட்டுக்கட்டி சொல்ட்டேன். அவன் கரைக்கு வந்துட்டாம்மா. நீ வேற மாரி எய்தி என்ன பொய்யனாக்கிடாத."

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கேயே நின்று அந்த அத்தியாயத்தை அழித்தேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டாரும்மா."

"யாருடி?"

"ரெண்டு பேரும்," என்றேன்.