கனநாள் போகிற விளையாட்டு

எனக்கென்று யப்பானிலிருந்து வந்த விளையாட்டை நான் ஆசை தீர விளையாடியது ஒரேயொரு பின்னேரம்தான்.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் அப்பாமார் கடிதத்தில்தான் இருந்தார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்படியொரு கடிதம் வந்தது. சின்னவளுக்கு ரீவியில் பூட்டி விளையாடுகிற பெட்டி ஒன்று வாங்கிவிட்டாராம். அதற்குள் போடுகிற கசற் இரண்டு பார்த்து வைத்திருக்கிறார், ஒன்றைத்தான் வாங்கலாம். முதலாவது, ஆகாயத்தில் பறந்து சுட்டுக்கொண்டே போவது. மற்றதில் ஒரு சின்னப் பெடியனுக்கு நாங்களே பெயர் வைத்து, கையில் வாளைக் கொடுத்து, ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அவன் வழியில் காண்கிறவர்களோடு கதைத்து, பூதங்களோடு சண்டை பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலசாலி ஆவான். முடிக்க மூன்று மாதமாவது செல்லும் என்று கடைக்காரன் சொன்னானாம். ஆனால் எல்லாம் யப்பான் எழுத்து, பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, சுடுகிறதையே வாங்கட்டோ என்று அப்பா கேட்டிருந்தார்.

யாரைக் கேட்டாலும் சுடுகிறதைத்தான் சொல்லியிருப்பார்கள். அம்மா எழுதிய பதிலின் அடியில் நானும் 'சுடுறதுதான் வேணும்' என்று எழுதிவிட்டேன். அம்மா அதை நாலைந்து தரம் குறுக்கே வெட்டினார். 'கனநாள் போறதை வாங்குங்கோ. விளங்காட்டில் இன்னும் நல்லது' என்று எழுதி உறையை ஒட்டினார். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அண்ணைக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் இருப்புக்கொள்ளாத ஆள். அந்த மாதங்களில் வெளியில் நிற்கிற பெடியங்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், துவக்கால் சுடப் பழக்க. ஏற்றுகிறவர்கள் யார் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். நான் கிட்டப் போனால் மீன் விலைக்கு மாறிவிடுவார்கள். அம்மா அண்ணையைக் கெஞ்சிப் பார்த்தார், அழுது பார்த்தார், சேட்டுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டியும் பார்த்தார். அண்ணை வெறும் மேலோடு பின்வேலியில் ஓலை பிய்ந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து பந்தடிக்கப் போய்விடுவார்.

அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் லீவில் வந்தபோது பெட்டியும் கசற்றும் வந்து சேர்ந்தன. என் விளையாட்டில் அண்ணை அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், எழும்பவில்லை. விளங்காத எழுத்து அவரைப் பிடித்து இருத்திவிட்டது. ஒரு கொப்பியில் அந்த எழுத்துகளைப் பார்த்துக் கீறி, பக்கத்தில் 'ஓம்', 'இல்லை', 'மருந்து', 'இந்தக் கிழவன் பொய்யன்' என்று தான் கண்டுபிடித்ததை எழுதிவைத்தார். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவர் கையில்தான் இருக்கும். அவர் சாப்பிடுகிற நேரம் மட்டும் எனக்குத் தருவார். அதுவும் பூதம் இல்லாத ஊருக்குள் சும்மா நடக்கலாம், வேறு பொத்தான் எதையும் அமத்தக்கூடாது.

அம்மாவிடம் முறையிட்டால், "அண்ணை விளையாடட்டும், பிள்ளை. நீ பக்கத்திலை இருந்து பார்" என்பார். எனக்கு நாள் முழுக்க ஏச்சு, அண்ணைக்கு இருந்த இடத்துக்கே தேத்தண்ணி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணையை அம்மா தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு நாளும் அவரிடம் ஒரு கேள்வி கேட்பார். "தம்பி, இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"கனக்கக் கிடக்கம்மா."

முடிந்ததும் எனக்கு வாங்கித் தருவதற்காகத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். மூன்றாவது மாதம் ஒருநாள் அண்ணை, "ஒரு கோட்டைதான் மிச்சம். இந்தக் கிழமை முடிஞ்சிடும்" என்றார். நான் கைதட்டினேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்தநாள் பின்னேரம் அம்மா சங்கக்கடைக்கு மா வாங்கப் புறப்பட்டார். போகும்போது என் தோளைப் பிடித்து, "அண்ணை வெளியாலை போகாமல் பாத்துக்கொள்" என்றார். பதினாறு வயது ஆளைப் பார்க்க ஒன்பது வயதுக் காவல்! என் விளையாட்டைப் பிடித்து வைத்திருப்பவருக்கு நான் காவலும் இருக்க வேண்டுமா? அம்மா ஒழுங்கை திரும்பும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"அண்ணை, பந்தடிக்கிற வளவுக்கு உங்களை வரட்டாம். ஒராள் குறையுதாம்."

"ஆர் சொன்னது?"

"வேலிக்கு அங்காலை நிண்டு கூப்பிட்டினம்."

ஒருவரும் கூப்பிடவில்லை. அண்ணை கொஞ்சம் யோசித்தார், தன் ஆட்டத்தைக் கசற்றில் பதிந்தார், பொட்டுக்குள்ளால் போய்விட்டார்.

அந்தக் கசற் ஒரு ஆட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துபோகும், அது எனக்கு நன்றாகத் தெரியும். திரையில் இரண்டு வரி வந்து என்னவோ கேட்டது. கொப்பியைப் புரட்டி 'ஓம்' எது என்று பார்த்தேன். தெரியாமல் அமத்திவிட்டேன் என்று பிறகு சொல்லலாம் என யோசித்துக்கொண்டுதான் அமத்தினேன். அண்ணையின் வீரன் போய், வாள்கூட இல்லாத ஒரு பெடியன் வந்து நின்றான். அவனுக்கு எந்த எழுத்தில் பெயர் வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

சந்தோசமாக இரண்டு ஊர் நடந்திருப்பேன். அம்மா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. மாப்பையையும் காணவில்லை.

"தம்பி எங்கை?"

"தெரியாது" என்றேன். அன்றைக்கு எனக்குப் பொய் தாராளமாக வந்தது.

"பந்தடிக்கிற வளவிலை வாகனம் நிக்குது, பிள்ளை. பெடியளை ஏத்துறாங்கள்."

அம்மா வந்த வேகத்தில் திரும்பி ஓடினார். திரையில் என் பெடியன் ஒரு கிணற்றடியில் நின்று, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். ரீவியை நிற்பாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாகனம் ஒன்று பெரிய றோட்டால் போகிற சத்தம் கேட்டது. கடவுளே, அண்ணை வந்தால் இந்தப் பெட்டியை இனித் தொடவே மாட்டேன் என்று தெரிந்த சாமிகளுக்கெல்லாம் நேர்ந்தேன். அம்மா திரும்பி வந்து, வாசலில் அப்படியே இருந்துவிட்டார். வளவில் ஒருவரும் இல்லையாம்.

பொழுதுபடுகிற நேரம் பின்வேலி சரசரத்தது. அண்ணை வந்தார். உடம்பெல்லாம் கடல்மணல், மீன் வெடில் மணத்தது. கரையில் கவிழ்த்திருந்த வள்ளத்துக்குக் கீழே இவ்வளவு நேரமும் படுத்திருந்தாராம். அவரோடு பந்தடித்த இரண்டு பேர் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை.

"உன்னை ஆரடா வெளியாலை போகச் சொன்னது?" என்று அம்மா அவரை உலுக்கினார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "நானாத்தான் போனனான்" என்றார்.

பிறகுதான் ரீவியைக் கண்டார். வள்ளத்துக்குக் கீழே அழாதவர், வாளில்லாத அந்தப் பெடியனைக் கண்டதும் அழுதுவிட்டார். "அழிச்சுப்போட்டாள், அம்மா! மூண்டு மாசம்!"

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "அப்ப, திரும்ப முதலிலை இருந்தோ?"

"ஓம்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"அதே மூண்டு மாசம் செல்லும்!"

அம்மா என் பக்கம் கையை நீட்டினார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னை இழுத்து மடியில் இருத்தி, உச்சியில் கொஞ்சினார். அவருடைய நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மாவுக்கு என்னில்தான் பட்சம் கூட என்று நான் முடிவு கட்டினேன்.

அடுத்தநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு எனக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த அம்மா, அண்ணை கிணற்றடியில் நிற்கிறாரா என்று ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு என் காதுக்குள் குனிந்து, "அதை அழிக்கிறது எப்பிடியெண்டு எனக்கும் ஒருக்கால் காட்டிவிடு, பிள்ளை" என்றார்.

அம்மாவுக்கும் விளையாட ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, கொப்பியை எடுத்துவந்து பெருமையோடு காட்டிக்கொடுத்தேன்.